வௌவால்கள் கட்சி மாறிய வழக்கு

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் இப்போது வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் பினு, போன வாரம் அமரவிளையில் என் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் கையில் ஒரு மரத் தகராறு. கைப்பேசியில் ஒரு தேக்கு மரத்தின் படத்தைக் காட்டினார். மரம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது படத்தின் அடியிலேயே எண்களாக விழுந்திருந்தது.

"இத அப்படியே பிராதுகூட ஏத்திருவோம் அண்ணா. மரம் இனி எங்கயும் ஓடாது. படம் எடுக்காத காலத்துல நீங்க எப்படியாக்கும் மரத்தக் கோர்ட்டுக்குக் காட்டினது?" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கட்டன்சாயா வேட்டியில் கொட்டியது. மரம் ஓடாது, சரிதான். எங்கள் கேஸில் ஓடியது மரம் அல்லவே.

அந்தக் கேஸின் கதையைக் கேட்டுவிட்டு, அதைக் குமாஸ்தா சங்க மலருக்கு எழுதித் தரச் சொன்னார். எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிழை இருந்தால் பினு திருத்திக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடத்தை விட்டது வறுமையால்தான். ஆனால் வறுமை இல்லாவிட்டாலும் விட்டிருப்பேன். ஓரிடத்தில் உட்கார எனக்கு வராது. செங்கல் சூளையில் மண் மிதித்தேன். குளச்சலில் மீன் லாரிக்கு ஐஸ் உடைத்தேன், அதில் ஒரு விரல் நகம் போனது. செங்கோட்டை வரை லாரி கிளீனராகப் போனேன். புனலூரில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். காய்ச்சல் வந்ததும் வெளியே போகச் சொன்னார்கள், நடந்தே ஊர் வந்தேன். பட்டினி கிடந்த நாட்கள் உண்டு. அதை விரித்து எழுத ஒன்றுமில்லை, பட்டினி எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கடைசியில் வெள்ளறடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ரப்பர் ஷீட் திருட்டுப் போனது. விடியும்போது ஒருவர் சுமையோடு போவதைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போனேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். ஒல்லியான மனிதர், கோட்டின் தோளில் ஏதோ ஒரு மரத்தின் பூந்தாது ஒட்டியிருந்தது. அவர்தான் மாதேவன் பிள்ளை.

"விடிஞ்சாச்சுன்னு உமக்கு எப்படித் தெரியும்? வாச்சு உண்டா?"

"இல்ல. பட்சி கத்திச்சு."

"என்ன பட்சி?"

"பேரு தெரியாது. கறுப்பு. வால்ல ரெண்டு நூலு தொங்கும். நூலு முனையில கரண்டி போல ஒண்ணு உண்டு."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்தார். "கூடு எங்க இருக்கு?"

"ஓடைக்கரையில ஒரு மரத்துல."

"குஞ்சு பொரிச்சாச்சா?"

மாஜிஸ்திரேட் குறுக்கிட்டார். "வக்கீலே, பறவைக் கூட்டுக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல, யுவர் ஆனர். எனக்கு அறியணும், அதான்."

அவருடைய கட்சிக்காரர் வேறொரு சாட்சி உளறியதால் விடுதலையானார். சாயங்காலம் கோர்ட் வாசலில் வக்கீல் எனக்காகக் காத்து நின்றார். கூட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும் வழியில், "எலே வேலப்பா, உனக்கு எழுத வருமா?" என்று கேட்டார். மலையாளமும் தமிழும் கோணல்மாணலாக வரும் என்றேன். அப்படிக் குமாஸ்தா ஆனவன், அவர் கோட்டைக் கழற்றும் வரை அவரோடு இருந்தேன். நடுவில் கால் சும்மா இருக்காமல் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன காலங்களும் உண்டு. ஒரு தடவை ராமேஸ்வரம் வரை போனேன். திரும்பி வந்து நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அங்க நாரை வந்தாச்சா?" என்று மட்டும் கேட்பார்.

மாதேவன் பிள்ளை மகாராஜா காலத்தில், திருவனந்தபுரத்தில் வெள்ளைக்கார ரெசிடென்ட் இருந்தபோதே வக்கீலாகச் சன்னது வாங்கியவர். அதியன்னூரில் வயலும் தோப்பும் உள்ள சைவக் குடும்பம். முன்னோர்கள் சர்க்கார் கச்சேரிகளில் எழுத்து வேலை பார்த்தவர்கள். அந்தக் காலத்தில் வக்கீல்கள் தலைப்பாகை கட்டித்தான் கோர்ட்டில் நிற்க வேண்டும். ஒரு நாள் வழியில் கூட்டிலிருந்து விழுந்து கிடந்த கொண்டைக்குருவிக் குஞ்சு ஒன்றை, வைக்க இடமில்லாமல் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். நடுவாதத்தில் குஞ்சு பசியெடுத்துக் கத்தத் தொடங்கிவிட்டது. ஜட்ஜ் எதிர்க்கட்சி வக்கீலைப் பார்த்து, "உமக்கு முறை வரும், இப்போ சத்தம் போடாதேயும்" என்றாராம். எதிர்க்கட்சி வக்கீல், "நான் வாயே திறக்கல்லே" என்று சத்தியம் செய்தாராம். குஞ்சு மறுபடியும் கத்தியதாம்.

முன்சீப் என்ற கீழ்க்கோர்ட் ஜட்ஜ் வேலை அவரைத் தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். முன்சீப் என்றால் ஊர் ஊராக மாற்றுவார்கள், அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆந்தைகளை அப்படி மாற்ற முடியாது. களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாடு ஆனபோது பாதிக் கட்சிக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவரும் போவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆந்தைகள் முழுவதும் இந்தப் பக்கம் இருந்ததால் இங்கேயே தங்கினார். ஆபீஸில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே சாராயம் ஊற்றிய கண்ணாடிக் குப்பிகளில் பாம்புகள் சுருண்டிருக்கும். பொய் சொல்ல வந்த கட்சிக்காரர்கள் குப்பியைப் பார்த்துப் பாதி உண்மையாவது சொல்லிவிடுவார்கள்.

ஆனால் வேலை என்று வந்தால் அவரைப் போல ஒழுங்கு எவரிடமும் நான் கண்டதில்லை. நிலத் தகராறு என்றால் முதலில் இடத்தைப் போய்ப் பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லை முழுவதும் நடப்பார். பிராதின் மற்ற பகுதியை எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் கடைசியில் சொத்து விவரத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். "எலே, மேல எழுதினதெல்லாம் பேச்சாக்கும். கடைசியில எழுதுற சொத்து விவரம்தான் கோடாலி. எழுதின இடத்துலதான் விழும்" என்பார்.

கோர்ட் நாளில் என் வேலை கட்டுகளைச் சுமப்பதும், பெஞ்ச் கிளார்க்கிடம் எங்கள் கேஸ் எப்போது வரும் என்று மோப்பம் பிடிப்பதும். முக்கியமான வேலை இன்னொன்று. கேஸைக் கூப்பிடும்போது சார் உள்ளே இருக்க மாட்டார். நான் ஓடிப்போய்க் கோர்ட் வளாகத்து மரங்களுக்கு அடியில் தேட வேண்டும். எந்த மரத்தடியில் ஒரு கறுப்பு கோட்டு வாயைப் பிளந்து மேலே பார்த்து நிற்கிறதோ, அங்கே அவர் இருப்பார்.

இனி அந்தக் கேஸ்.

குளத்தூர்ப் பக்கம் செல்லையன் என்று ஒரு கொப்பரை வியாபாரி. ஒரு காலை ஆபீஸுக்குள் புயல் போல வந்தார்.

"ஏமானே, வாவலு மேல கேசு குடுக்கணும்."

எங்கள் பக்கம் வௌவாலை வாவல் என்போம். சார் நிதானமாக, "வாவலு மேல குடுக்க முடியாது. சம்மன் வாங்காது. மரம் ஆருக்க மரம்?" என்றார்.

"எனக்க அளியனுக்க மரம். அக்கா மாப்பிள்ளை, பொன்னுமணி. அக்காளையும் சேத்துக்கிடும், பூமி அவ பேருலயாக்கும்."

செல்லையனின் அப்பா, மகள் தாயம்மைக்குச் சீதனமாகத் தன் தோப்பிலேயே பாதியைப் பிரித்துக் கொடுத்து, நடுவே கய்யாலை என்ற மண் மதிலை எழுப்பியிருந்தார். மதிலின் இரு பக்கமும் ஆளுக்கொன்றாக இரண்டு அயனி மரங்களை நட்டிருந்தார். அயனி பலாவின் இனம், கதவுக்கும் உத்தரத்துக்கும் அதை விட்டால் ஆள் இல்லை. இப்போது இரண்டும் வானத்தை முட்டி நின்றன. பொன்னுமணி பக்கத்து அயனியில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகப் பகல் முழுவதும் தலைகீழாகத் தொங்கின. அந்த மரத்தின் பெரிய கிளைகள் செல்லையனின் முற்றத்துக்கு மேலே நீண்டிருந்தன. காயப்போட்ட கொப்பரையில் எச்சம் விழுந்தது, கிணற்றில் விழுந்தது. கடைசியில் விழக்கூடாத இடத்திலும் விழுந்துவிட்டது. செல்லையனின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா தோளில் கிடந்த பட்டு நேரியலில், சரியாக நடுவில், மேலிருந்து மூத்திரம் பெய்தது. மறுபடி வருகிறோம் என்று போனவர்கள் வரவில்லை.

"மேல இருந்து அளியன் சிரிச்சான் ஏமானே!" என்றார் செல்லையன்.

"அளியன் மேல இருந்தாரா?"

"அவன் மாடியில. வாவலு மரத்துல. ரெண்டும் சிரிச்சுது."

நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். அந்த அயனிக்கு அடியில் அவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் நிற்பது எனக்குத் தெரியும். வெள்ளைக்கார எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தாய் வௌவால் குட்டியை எப்படி இறக்கைக்குள் பொத்திக்கொள்கிறது என்று மணிக்கணக்காகப் பார்ப்பார். இந்தக் கேஸை எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் வக்காலத்துக் காகிதத்தை நகர்த்தி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டி, "இங்க ஒப்பு போடும்" என்றார்.

செல்லையன் போன பிறகு கேட்டேன். "சார், நம்ம வாவலு..."

"நம்ம வாவலு இல்ல. இப்ப ஒப்பு போட்டாச்சு. இனி அது எதிர்க்கட்சி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளத்தூருக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஏன் என்றேன். "எதிர்க்கட்சிய நம்ம ஆளுக்குத் தெரியாமத் தனியாப் போய்ப் பாக்கது மரியாதை இல்ல, கேட்டியா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கேஸ் முடியும் வரை அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

பிராது எழுதி, கடைசியில் சொத்து விவரம் வந்தது. சார் கண்ணை மூடி, "கய்யாலைக்குக் கிழக்கே, பிரதிகளுடைய பூமியில் நிற்கும் அயனி" என்று ஆரம்பித்தார். எதிர்க்கட்சியைப் பிரதி என்றுதான் எழுதுவோம். செல்லையன் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"ஏமானே, அப்படி எழுதப்பிடாது!"

"ஏன்?"

செல்லையன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மதில் இப்போது நிற்கும் இடம் எல்லை இல்லையாம். அதையும் தாண்டி அந்தப் பக்கம் ஒரு பட்டை நிலம் தனக்குச் சேர வேண்டியதாம். மரக் கேஸ் முடிந்ததும் அதற்கு ஒரு கேஸ் போட வேண்டுமாம். இப்போது கய்யாலைக்குக் கிழக்கே அளியன் பூமி என்று எழுதிவிட்டால், மதில்தான் எல்லை என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அளியன் மரம் மதிலுக்கு எந்தப் பக்கம் என்று சொன்னாலே அந்த ஒப்புதல் வந்துவிடுமாம்.

"நியாயமாத் தெரியல்லியே" என்றார் சார்.

"நியாயம் கோர்ட்டு பாத்துக்கிடும். எழுதாதேயும் ஏமானே, என்னக் கொல்லாதேயும்."

கட்சிக்காரர் உரிமையை எழுத்தில் விட்டுக் கொடுக்கக் கூடாது, அது வக்கீலின் கடமை. அப்படியானால் இரண்டு அயனியில் எது என்று எப்படிச் சொல்வது? சார் வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது, ஒரு வக்கீலின் முகத்தில் வரும் மலர்ச்சி அல்ல அது. "எழுது. 'கய்யாலையை ஒட்டி நிற்பதும், பழந்தின்னி வௌவால்கள் பகலில் கூட்டமாகத் தொங்குவதுமான அயனி மரம்.' போதும். அதை விட்டா வேற மரம் கிடையாது."

எதிர்க்கட்சி வக்கீலும் அதை மறுக்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் அது வாவல் அயனிதான்.

சிவில் கேஸ் போகும் வேகத்தில் போனது. செல்லையனின் மகளுக்கு வேறிடத்தில் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்து, அந்தக் குழந்தை அதே முற்றத்தில் தவழ்ந்தது. தாயம்மை கேஸில் இரண்டாம் பிரதி. ஆனால் நெத்திலிக் குழம்பு வைத்தால் தம்பிக்கு மதிலுக்கு மேலே ஒரு கிண்ணம் நீட்டுவார். செல்லையனும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாய்தாவுக்கு எங்களோடு பஸ் ஏறுவார். கடைசியில் எங்களுக்குச் சாதகமாக விதி, அதாவது தீர்ப்பு, வந்தது. மரத்தைப் பொன்னுமணி வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் கோர்ட் ஆமீன் நின்று வெட்டுவிப்பார். பொன்னுமணி வெட்டவில்லை.

ஆமீன் வரும் நாளில் சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மரம் வெட்டுகிறவர்கள் வடமும் கோடாலியுமாக நின்றார்கள். ஊரே மதிலடியில் கூடியிருந்தது. ஆமீன் பென்ஷனை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், எழுத்தில் உள்ளதை விட்டு இம்மியும் நகர மாட்டார். விதியை விரித்து உரக்க வாசித்தார். "கய்யாலையை ஒட்டி நிற்பதும், பழந்தின்னி வௌவால்கள் பகலில் கூட்டமாகத் தொங்குவதுமான அயனி மரம்." வாசித்துவிட்டு மேலே பார்த்தார்.

எல்லாரும் மேலே பார்த்தோம்.

பொன்னுமணியின் அயனியில் ஒரு வௌவால்கூட இல்லை. அத்தனையும் மதிலுக்கு இந்தப் பக்கம், செல்லையனுடைய அயனியில், கறுத்த கத்தரிக்காய் போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். கேஸ் இழுத்துக்கொண்டு போன காலமெல்லாம் செல்லையன் தன் முற்றத்தில் நின்று டின் தட்டி, பட்டாசு வெடித்து வௌவாலை விரட்டிக்கொண்டிருந்தார். சத்தம் தாங்காமல் அவை மதிலைத் தாண்டி அடுத்த மரத்துக்கு வந்துவிட்டன. அவருடைய முற்றத்துக்கு மேல் நீளாத, ஒதுக்குப்புறமான மரம் என்பதால் அவரும் சும்மா விட்டுவிட்டார். வௌவால் இடம் மாறியது அவருக்குத் தெரியும். விதிக்குள் வௌவால் இருந்ததுதான் மறந்துபோயிருந்தது.

ஆமீன் விரலை நீட்டினார். "விதிப்படி மரம் இதா."

"ஐயோ, அது எனக்க மரம்! மகளுக்குக் கதவு செய்ய வச்சிருக்க மரமாக்கும்!" என்று செல்லையன் தன் அயனியைக் கட்டிக்கொண்டார்.

பொன்னுமணி மாடியிலிருந்து இறங்கி வந்து, கோடாலிக்காரர்களுக்கு மோர் கொடுத்தார். "குடியுங்கோ மக்கா, பெரிய மரமாக்கும். அளியா, கொஞ்சம் தள்ளி நில்லும், உம்ம மேல விழுந்திரப்பிடாது."

"எலே, சும்மா கெட!"

"நான் சும்மாதான் கெடக்கேன். கேசு குடுத்தது நீரு, ஜெயிச்சது நீரு, வெட்டதும் உம்ம மரம். எனக்கு இதுல என்ன காரியம்?"

அந்த நேரத்தில்தான் சார் அதைச் செய்தார். இத்தனை காலம் பார்க்காமல் இருந்த வௌவால்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தவர், தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்தார். "ஹா! மாறியாச்சே! குட்டியோட மாறியாச்சே!" என்று இரண்டு கையையும் தட்டினார்.

கூட்டம் சிரித்தது. செல்லையன் சிரிக்கவில்லை. மரத்தை விட்டுவிட்டு எங்கள் வக்கீலையே பார்த்தார்.

மரத்தை நிச்சயிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டு ஆமீன் போனார். அன்றிலிருந்து பேச்சு பரவியது. வக்கீல் வௌவால் பைத்தியம், வௌவாலைக் காப்பாற்ற வேண்டுமென்றே அப்படி எழுதிக் கட்சிக்காரனைக் கவிழ்த்துவிட்டார், கையைத் தட்டியதை ஊரே பார்த்தது. செல்லையன் தேங்காய்க் கடையில் உட்கார்ந்து, அவருடைய சன்னதைப் பறிக்க மேலிடத்துக்குப் புகார் எழுதப் போவதாகச் சொன்னார். வேறு வக்கீல்களிடம் போனார். பழைய வக்கீலின் சம்மதம் வாங்கி வா என்றார்கள். அதைக் கேட்க அவருக்கு முகம் இல்லை.

வக்கீல்கள் அறையில், "பிள்ளைவாள், உம்ம கட்சிக்காரங்க தலைகீழாத் தொங்குதாங்களாமே?" என்று கேலி செய்தார்கள். சார் சிரித்தார். ஆனால் புதுக் கட்சிக்காரர்கள் வருவது குறைந்தது. கட்சிக்காரனை விற்றவர் என்ற பேரோடு கோட்டைக் கழற்ற வேண்டி வந்தால், அத்தனை வருஷ வக்கீல் வேலையும் வீண்.

நான் பொறுக்காமல் சொன்னேன். "சார், அப்படி எழுதச் சொன்னது செல்லையன்லா. நான் இருந்து கேட்டேன்லா. நான் போய்ச் சொல்லுதேன்."

"என்னத்தச் சொல்லுவே? அவன் கய்யாலைக்கு அங்ஙனே உள்ள பூமிக்கு ஆசப்பட்டத சொல்லுவியா? கட்சிக்காரன் இந்த ஆபீஸ் முறியில சொன்னது இந்த முறியிலதான் கெடக்கணும்."

"அப்ப உங்க சன்னது?"

"போனாப் போகட்டு. வாவலு பாக்கதுக்கு சன்னது வேண்டாம்லா" என்றார்.

விதியில் உள்ள சொத்து விவரத்தைத் திருத்தித் தர வேண்டும் என்று நாங்கள் மனு போட்டோம். விசாரணை நாளில் கோர்ட்டில் நிற்க இடமில்லை. எல்லா வக்கீல்களும் வந்திருந்தார்கள். பின்னால் செல்லையன் ஒரு மூலையில், பொன்னுமணியும் தாயம்மையும் ஒரு மூலையில். பேச்சு மலையாளத்தில்தான் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த முன்சீப் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"மிஸ்டர் பிள்ளை, நாற்பக்க எல்லையும் இத்தனை சுத்தமாக எழுதுகிறவர் நீங்கள். மரம் மதிலுக்கு எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதுமே. ஏன் எழுதவில்லை?"

"அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, யுவர் ஆனர்."

"உங்களைப் பற்றி வெளியே என்ன பேசுகிறார்கள் என்று தெரியுமா?"

"தெரியும், யுவர் ஆனர்."

"அப்போதும் பதில் இல்லையா?"

"இல்லை."

என் நாக்கு வாய்க்குள் புரண்டது. சார் திரும்பாமலே, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, உட்கார் என்று எனக்குச் சைகை செய்தார்.

அப்போது பின்னாலிருந்து தாயம்மையின் குரல் எழுந்தது. "ஏமானே, அந்த மனுசன் சொல்ல மாட்டாரு. நான் சொல்லுதேன்!"

டவாலி ஓடினார். பொன்னுமணி புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார். தாயம்மை அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எந்தப் பக்கம்னு எழுதப்பிடாதுன்னு சொன்னது இந்தா நிக்கான்லா, எனக்கத் தம்பி, இவனாக்கும்! எனக்க கய்யாலைய இடிச்சு அங்ஙன உள்ள பூமியப் பிடுங்கதுக்கு! எனக்க கையால நெத்திலிக் குழம்பு வாங்கித் தின்னுட்டு, எனக்கிட்டயே பெருமையா சொன்னான், 'வக்கீலக் கொண்டு எப்படி எழுத வச்சேன் பாத்தியாக்கா'ன்னு! எலே செல்லையா, அந்த மனுசன் ஒனக்காக வாயத் தொறக்காம நிக்காரு. நீ அவரப் போய்த் திருடன்னு சொல்லிட்டு நடக்கியே, ஒனக்கு நாக்கு எதுக்குலே?"

கோர்ட் முழுவதும் குபீரென்று சிரித்தது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. தீர்ந்தது, சார் தப்பித்தார் என்று நினைத்தேன்.

சார் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யுவர் ஆனர், நான் ஆட்சேபிக்கிறேன்."

முன்சீப்புக்குப் புரியவில்லை. "எதை?"

"இந்த அம்மையார் இரண்டாம் பிரதி. சத்தியப் பிரமாணம் எடுக்கவில்லை, கூண்டில் ஏறவில்லை, இவரைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு வாய்ப்புத் தரப்படவில்லை. மதில் எங்கே நிற்க வேண்டும் என்பது இந்த மனுவில் உள்ள விஷயமும் அல்ல. இவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பதிவாகக் கூடாது."

"மிஸ்டர் பிள்ளை, இவர் சொன்னது உங்களுக்கு நல்லதுக்குத்தானே!"

"எனக்கு இந்தக் கேஸில் காரியம் இல்லை, யுவர் ஆனர். நான் வாதியின் வக்கீல். வாதிக்கு இது கெடுதல்." பிறகு பழைய திருவிதாங்கூர்த் தீர்ப்புகளை மடமடவென்று எடுத்துச் சொன்னார். என் கையிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பக்கத்தைப் புரட்டி நீட்டினார். அத்தனை உற்சாகமாக அவர் வாதாடி நான் பார்த்ததில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. தன்னைக் காப்பாற்ற வந்த ஒரே சாட்சியை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார், நன்றாகவும் நொறுக்கினார். முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் ஆட்சேபத்தை ஏற்கப் போகிறார் என்று தெரிந்தது.

"ஏமானே..."

மூலையிலிருந்து செல்லையன் சாரை நோக்கிக் கையைக் கூப்பிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "ஏமானே, மதி, போதும். அக்கா சொன்னது சத்தியமாக்கும். அந்தக் கய்யாலை நிக்க இடத்துல நிக்கட்டு. எனக்குப் பூமியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீரு உக்காரும்."

சார் சட்டென்று திரும்பினார். கோர்ட், முன்சீப், கோட்டு எல்லாம் மறந்துபோயின.

"எலே, வாய மூடுலே! நான் ஜெயிச்சிட்டிருக்கேன்!"

முன்சீப் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு தன் அறைக்குள் எழுந்து போய்விட்டார். உள்ளே அவர் சிரிக்கும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. வக்கீல்கள் மேசையைத் தட்டினார்கள். தாயம்மை செல்லையனின் முதுகில் இரண்டு போட்டார். பொன்னுமணி மட்டும், "அளியா, அழாதேயும், மோரு கொண்டு வரட்டா?" என்று கேட்டு இன்னொரு அடி வாங்கினார்.

சாயங்காலத்துக்குள் ராஜி எழுதி முடிந்தது. மதில்தான் எல்லை. முற்றத்துக்கு மேல் நீண்ட கிளைகளைப் பொன்னுமணி தறித்துக்கொள்வார். இரண்டு மரங்களும் நிற்கும். வௌவால்களைப் பற்றி ராஜியில் எதுவும் எழுத வேண்டாம் என்று இரு தரப்பும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள். சார் மனசில்லாமல் சம்மதித்தார்.

தேங்காய்க் கடையில் பேசிய பேச்சுக்கு செல்லையன் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு அது வராது. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை ஆபீஸுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல், மேசையில் இருந்த வெறும் வக்காலத்துக் காகிதத்தை இழுத்து, பேர், கட்சி, நம்பர் எதுவும் எழுதாத அந்தக் காகிதத்தின் அடியில் ஒப்புப் போட்டு, சாரின் முன்னால் நகர்த்தினார்.

"யார் மேலவே கேசு?" என்றார் சார்.

"அத இனித்தான் சொல்லணும் ஏமானே" என்றார் செல்லையன்.